கப்பலிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நடுக்கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் பில் எகிறிவிடும் என்று நீ மிரட்டி அனுப்பினாயே, பூக்கெட்டை விட்டதிலிருந்து அப்பா என் போனைத் தொடவே விடவில்லை. அதனால்தான் காகிதம். நாளைக்குச் சிங்கப்பூரில் இறங்கியதும் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுகிறேன். நாங்கள் உன் வீட்டுக்கு வருவதற்குள் படித்துவிடு. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இன்று முழுக்க எந்த ஊரும் கிடையாது, மலாக்கா ஜலசந்தித் தண்ணீர்தான். வலப்பக்கம் சுமத்ராவாம், கண்ணுக்குத் தெரியவில்லை. அது மறைத்துக்கொண்டு நிற்பதால்தான் அலை இல்லை என்கிறார் அப்பா. நீ வாங்கிக் கொடுத்த அவோமின் வாந்தி மாத்திரை பிரிக்காமலே கிடக்கிறது. விடிந்ததிலிருந்து அவர் மேல்தளத்தை விட்டு நகரவில்லை. பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு கப்பல்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. "பாரு, எதிரே வர்றதெல்லாம் நமக்கு இடப்பக்கமாவே போகுது. நம்ம ரோட்டுக்கு நேர் எதிர், கடல்ல வலப்பக்கம்தான் ஓட்டணும்" என்று பக்கத்தில் நின்ற குஜராத்திக்காரருக்குத் தமிழிலேயே பாடம் எடுத்தார். பஸ் ஓட்டின கை சும்மா இருக்குமா? "பையன்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தான்" என்பதை மட்டும் அவருக்குப் புரியும்படி இங்கிலீஷில் சொன்னார்.

துறைமுகத்தில் நிற்கும்போது பூட்டிக் கிடந்த கப்பல் கடைகளை இன்று திறந்துவிட்டார்கள். கரையை விட்டுப் போனால்தான் வரி இல்லாமல் விற்கலாமாம். வாட்ச், சென்ட், விலையைப் பார்த்தேன், வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, தயிர் சாதம்கூட இருக்கிறது. அறையைச் சுத்தம் பண்ணுகிற பையன் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறான். கவிதாவுக்குக் காட்ட போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நாலு பேருக்குப் போட்ட டிக்கெட்டில் இரண்டை நீ கேன்சல் பண்ணினாய். லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. ஒரே நேரத்தில் இரண்டு ஆபீசிலுமா? கவிதா கோயம்புத்தூர் போயிருக்கிறாள், அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்றாய். அதுவும் சரி. கப்பல் ஏறும் முன் உன் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். சீரகத்தில் வண்டு, மிளகாய்த்தூள் கட்டிதட்டிப் போயிருக்கிறது. கடுகுக் குழி காலி. பத்து நாள் முன்னால் ஊருக்குப் போனவளுடைய அடுப்படி மாதிரி இல்லை. அப்பாதான் எதையும் கேட்காதே என்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

பினாங்கில் குயின் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். 1833-ல் கட்டினதாம். தாத்தாவும் கும்பிட்டிருப்பார். நாகப்பட்டினத்தில் ராஜூலா ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்தானே. 1926-ல் கட்டின அந்தக் கப்பல் 1973 வரைக்கும் ஓடியது, ஆயிரக்கணக்கில் ஜனம் ஏறும். எனக்கு என்னவோ தாத்தாவை விட அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. தாத்தாவிடமிருந்து கடிதம் வராத மாதங்களில் அவள் யாரிடமும் விசாரிக்க மாட்டாள். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். கடைசியில் அந்த விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நீ அப்படி என்று சொல்ல வரவில்லை. நீ நல்ல பிள்ளை. ஆனால் சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாய், அவளுக்கோ பேசித் தீர்க்க வேண்டும். நீயே முதலில் போன் போட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. போன் போடு.

நாளை காலையில் இறங்குகிறோம். ஆபீஸ் இருந்தால் நீ வர வேண்டாம், எம்ஆர்டி ரயிலில் வந்துவிடுவோம் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

கவிதாவுக்குப் பினாங்கில் ஒரு பாட்டிக் துப்பட்டா எடுத்தேன், அவளுக்குப் பிடித்த மயில் கழுத்துக் கலர். உன்னிடம் கொடுக்கவா, இல்லை ஊருக்குப் போனதும் நானே கோயம்புத்தூர் போய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா? அதை மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
அம்மா