வைரஸின் நகலெடுப்பைத் தடுக்கும் மருந்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் "கிருமியைக் கொல்கின்றன" என்று செய்திகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் முக்கியமான ஒரு வகை கொல்வதில்லை. வைரஸ் தன்னை நகலெடுக்கும் வேலையைக் கெடுக்கிறது. நம் செல்கள் டிஎன்ஏவைப் பார்த்தே ஆர்என்ஏவை உருவாக்குகின்றன. ஆனால் கொரோனா, ஹெபடைடிஸ் சி போன்ற வைரஸ்கள் ஆர்என்ஏவிலிருந்தே ஆர்என்ஏவைப் படியெடுப்பதால், அதற்கெனத் தனியான பாலிமரேஸ் நொதியை வைத்திருக்கின்றன. மருந்தின் இலக்கு அதுதான்.

2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர் என்ற ஹெபடைடிஸ் சி மருந்து, செல்லுக்குள் ஆர்என்ஏவின் கட்டுமான அலகைப் போல உருமாறி, வளரும் வைரஸ் ஆர்என்ஏ இழையில் புகுந்து, அடுத்த அலகு சேரவிடாமல் நிறுத்திவிடுகிறது. கொரோனாவிடம் இந்தத் தந்திரம் எளிதில் பலிப்பதில்லை. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியைப் படியெடுக்கும் அதற்கு, அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநரைப் போலத் தவறான அலகை வெட்டியெறியும் இன்னொரு நொதியும் உண்டு. கோவிட் மருந்தான ரெம்டெசிவிர் இழையில் புகுந்தபின் மேலும் மூன்று அலகுகள் சேர்ந்த பிறகே இழை நிற்பதால், அந்தத் திருத்தத்திலிருந்து ஓரளவு தப்புகிறது. இன்னொரு கோவிட் மருந்தான மோல்னுபிரவிரோ இழையை நிறுத்துவதே இல்லை. பிழைகளைப் பெருக்கியே வைரஸை முடக்குகிறது. என் பார்வையில் இதுவே மிகச் சாமர்த்தியமான வழி; மிகுந்த கண்காணிப்பு வேண்டியதும் இதற்குத்தான்.

கோவிட் போன்ற திடீர்த் தொற்றுகளில், நகலெடுப்பு மும்முரமாக நடக்கும் தொடக்க நாட்களிலேயே இம்மருந்துகள் கூடுதலாகப் பயன்படும் என்பதையும் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்