தெளியாத படிகங்களுக்கு ஒரு சுவர் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் வணக்கம்.

படிக வளர்ப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள் நான். நம் ஊர் இயற்பியல் துறைகளில் இந்த வேலை எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். தெவிட்டிய கரைசலை வடிகட்டி பீக்கரில் ஊற்றி, வாயில் பாலிதீன் தாளைக் கட்டி, ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, யார் கையும் படாத மூலையில் வைப்போம். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். இருபது நாள் ஆகலாம், நாற்பது நாளும் ஆகலாம். அடியில் கண்ணாடி மாதிரி தெளிவாக ஒற்றைப் படிகம் உட்கார்ந்திருந்தால் அது ஆய்வு. இல்லாவிட்டால் பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அப்படிக் கழுவி ஊற்றியவற்றைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஒரு ராத்திரி மின்சாரம் போய், பீக்கரை ஒரே சூட்டில் வைத்திருக்கும், நாற்பது டிகிரியில் இருந்த தண்ணீர்த் தொட்டி விடிவதற்குள் குளிர்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால், ஒன்றரை மாதமாக நான் காத்து வந்த விதைப் படிகத்தை, பெரிதாக வளரட்டும் என்று கரைசலில் விட்ட சின்னப் படிகத்தை, காணோம். அதன் மேல் நூற்றுக்கணக்கான ஊசிகள் விசிறியாக முளைத்து, தாழம்பூ மடல் விரிந்த மாதிரி நின்றன. பீக்கரின் உள்சுவரில் உப்பு பெரணி இலை போல ஏறியிருந்தது. அழுதேன். அப்புறம் மிச்சக் கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டு, ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று காஞ்சிபுரத்துத் தறியில் பார்க்கிற நிறங்கள். தகட்டைத் திருப்பத் திருப்ப ஒவ்வோர் ஊசியாக அணைந்து, மறுபடி எரிந்தது.

படம் எடுத்து நெறியாளரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கும்மா, ஆனா இதை தீசிஸ்ல எங்க வைக்கிறது?" என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. வைக்க உண்மையிலேயே இடம் இல்லை.

அந்த ஊசிகளை ஒரு வாரம் பென்சிலால் வரைந்தேன். ஆய்வகத்தில் ஒரு மாதிரியைப் பார்க்கிறபோது வந்ததா, வரவில்லையா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். வரைய உட்கார்ந்தால் அப்படி நகர முடியாது. ஓர் ஊசி எங்கே தொடங்குகிறது, எந்தக் கோணத்தில் கிளை விடுகிறது என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். என் பொருள் ஒரே ஒரு திசையில் மட்டும் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அந்த நோட்டில்தான் முதலில் கண்டுகொண்டேன். பிறகு கரைப்பானை மாற்றியதற்கும் அதுதான் காரணம்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 1867இல் எடின்பரோவில் பீட்டர் டெய்ட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டியின் முன்பக்கம் வட்ட ஓட்டை போட்டு, பின்பக்கம் துணியை இழுத்துக் கட்டி, உள்ளே புகை உண்டாக்கித் துணியைத் தட்டினார். புகை வளையங்கள் வெளியே மிதந்து வந்தன. இரண்டு வளையங்கள் முட்டிக்கொண்டால் உடையாமல், ரப்பர் போல அதிர்ந்து விலகின. பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் தாம்சனுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவருக்கு, ஒரு யோசனை பிறந்தது. அணுக்கள் எல்லாம் ஈதரில், அதாவது வெளியெங்கும் நிறைந்து ஒளியைச் சுமக்கிறது என்று அன்று நம்பிய ஊடகத்தில், சுழலும் முடிச்சுகளாக இருந்தால்? ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு முடிச்சு! டெய்ட் உட்கார்ந்து முடிச்சுகளை வரைய ஆரம்பித்தார். கோடு தன்னையே குறுக்கே கடக்கும் இடங்களை எண்ணி, முதலில் ஏழு குறுக்குகள் வரை, பிறகு மற்றவர்கள் துணையோடு பத்து வரை. வருடக்கணக்கான வேலை. 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் ஈதரின் சுவட்டைத் தேடி ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். காலப்போக்கில் ஈதரும் போனது, முடிச்சு அணுவும் போனது.

படங்கள் மட்டும் நின்றன. சிக்குக் கோலம் போடத் தெரிந்த யாருக்கும் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடு, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. அந்தப் பட்டியலிலிருந்து கணிதத்தில் ஒரு துறையே வளர்ந்தது. இன்று உயிரணுவுக்குள் டி.என்.ஏ. எப்படிச் சிக்கிக்கொள்கிறது, எப்படி அவிழ்கிறது என்று பார்க்கிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். டெய்ட்டின் தாள்களை அன்றைக்கே யாராவது கழுவி ஊற்றியிருந்தால்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ் கதிரில் முதலில் படம் எடுத்தது 1935இல், அமைப்பு பிடிபட்டது 1969இல். நடுவே, 1951இல் நடந்த பிரிட்டன் விழா என்ற தேசியக் கண்காட்சிக்காகப் படிகவியலாளர் ஹெலன் மெகாவின் முயற்சியில், ஆய்வகங்களின் படிக வரைபடங்கள் திரைச்சீலையாகவும் சுவர்த்தாளாகவும் அச்சாயின. இன்சுலின் வரைபடமும் அதில் ஒன்று. விடை கிடைக்காத கணக்கைச் சுவரில் ஒட்ட அவர்கள் கூச்சப்படவில்லை.

தோல்வியை அழகு என்று சொல்லி மழுப்பச் சொல்லவில்லை. ஊக்கத்தொகை நின்ற பிறகும் முடியாத ஆய்வு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதே பீக்கர், அதே வெப்பநிலை, அதே தவறு என்று இன்னொரு கல்லூரியில் இன்னொரு பிள்ளை இரண்டு வருடம் இழந்துகொண்டிருப்பதும் தெரியும். எங்கேயும் எழுதி வைக்காததால்தான் அது நடக்கிறது. ஆகவே கேட்கிறேன். ஆய்வேட்டில் சரிவராதவற்றுக்கென்று ஓர் இயலை, படங்களோடு, அனுமதியுங்கள். துறை நடைவழியில் ஒரு சுவரை ஒதுக்குங்கள். சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாதம் எங்கள் ஆய்வகங்களில் நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் செய்யும் ஒவ்வொன்றின் கீழும் என்ன முயன்றோம், எங்கே தவறியது என்று இரண்டு வரி இருக்கட்டும். அந்த இரண்டு வரி இல்லாமல் மாட்டினால் அது வெறும் அலங்காரம். விவாவுக்கு, அதாவது முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு, வருகிறவர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அந்தத் தாழம்பூக் கொத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. மாத்திரை டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், ஈரம் பட்டால் கரைந்துவிடும். சுவர் எங்கே என்று சொன்னால் நானே கொண்டுவந்து வைக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆய்வு மாணவி ஒருத்தி