செருப்போடு கேமராவையும் வெளியே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழில் மறைந்த நடிகர் ஒருவருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அவருடைய பழைய படங்களைப் பார்த்தபோது மனம் கனத்தது. நல்ல அஞ்சலி. ஆனால் மூன்றாம் பக்கத்தில் அவருடைய பேத்தி, எட்டு ஒன்பது வயதுதான் இருக்கும், ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் முகத்தை வைத்து அழுகிறாள். பக்கத்திலேயே போய் நின்று எடுத்திருக்கிறார்கள். மூக்கு ஒழுகுவதுகூடத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சிவகாசிக்காரன். முப்பத்து நான்கு வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் அப்புறம் வருஷம் முடியும்வரை ராப்பகல் பாராத வேலை. நடிகர் நடிகைகளின் முகம் எத்தனை லட்சம் தாளில் என் கைவழியாகப் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் உதடு ஓரிடம், சிவப்பு ஓரிடம் என்று முகம் கோணிப்போகும். அப்படி ஒரு தாள் வந்தால் மெஷினை நிறுத்திவிடுவோம். அத்தனையும் மேக்கப் போட்டு, வெளிச்சம் பார்த்து, படமெடுக்கத் தெரிந்தே நின்ற முகங்கள். அந்தப் பேத்தி யாருக்கும் அப்படி நிற்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மீனம்பட்டியில் பிறந்தவர் ஸ்ரீதேவி. நான்கு வயதில் கேமரா முன்னால் வந்தவர். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று ஐம்பது வருஷம் அதன் முன்னாலேயே வாழ்ந்துவிட்டார். 2018 பிப்ரவரி 24-ஆம் தேதி துபாய் ஓட்டல் அறையில் இறந்தபோது அவருக்கு வயது 54. மூன்றே நாளில் துபாய் அரசு வழக்குத் துறை, நினைவிழந்து குளியல் தொட்டியில் மூழ்கியதுதான் காரணம் என்று சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அந்த மூன்று நாளும் நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் என்ன செய்தன? குளியல் தொட்டியைக் கணினியில் வரைந்து அதில் அவரை மிதக்கவிட்டார்கள். ஒரு செய்தியாளர் நிஜமாகவே தொட்டிக்குள் இறங்கிப் படுத்துக் காட்டினார். மூத்த மகளுக்கு அப்போது இருபது வயது, இளையவளுக்குப் பதினேழு. தாயின் உடல் ஊர் வந்து சேருவதற்குள் அந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்த்தேன். இரண்டு நாள் டி.வி.யை அணைக்காமல் பார்த்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அதற்கு அப்புறம் அந்தக் குடும்பம் விடுத்த அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை மும்பையில் அஞ்சலிக்கு வைத்திருக்கும் இடத்துக்கு ஊடகத்தாரும் வரலாம், கேமராவையும் பதிவுக் கருவிகளையும் வெளியே வைத்துவிட்டு வரலாம் என்று. வராதே என்று யாரையும் சொல்லவில்லை. வா, செருப்பை வெளியே விடுவதுபோல அதையும் விட்டுவிட்டு வா என்றார்கள். ஐம்பது வருஷம் கேமராவுக்குக் கொடுத்த ஒருத்தியின் வீட்டார் ஒரு காலைப்பொழுதைத் திருப்பிக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் எங்கள் டீக்கடையில்கூட உடனே ஒரு பதில் வரும். "கோடி கோடியாச் சம்பாதிக்கும்போது கேமரா வேணும், இப்ப மட்டும் வேண்டாமா?" கல்யாணத்தையே ஓ.டி.டி.க்கு விற்கிறார்களே, சாவை மட்டும் ஏன் மூடவேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் படுவது இதுதான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால்தான் போகிறோம். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதற்கு, அப்படியில்லை. துட்டி கேட்க யாரும் யாரையும் அழைப்பது கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவன்கூடப் போகலாம், பகையாளியும் போகலாம். வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். அப்படித் திறந்து போடுகிறார்கள் என்பதால்தான் போகிறவனுக்கு அத்தனை கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கையைத் தொட்டுவிட்டு ஓரமாக உட்காருகிறோம். சத்தமாகப் பேசுவதில்லை. புறப்படும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. திறந்த கதவை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்ட வழக்கம் இது. கேமரா அந்தக் கதவைத்தான் வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறது. கல்யாணக் கதவைத் திறக்க அவர்கள் காசு வாங்கினார்கள் என்றால் அது அவர்கள் பேசி முடித்த வியாபாரம். சாவு வீட்டுக் கதவுக்கு யாரும் விலை பேசவில்லை.

இதனால் நடந்திருப்பது என்ன தெரியுமா? பெரிய வீடுகளில் இப்போது அந்தக் கதவும் மூடத் தொடங்கிவிட்டது. கேட்டில் கயிறு, கறுப்புச் சட்டைக் காவலாளிகள். விடியற்காலை பஸ் ஏறி ஒரு மாலையோடு வரும் ரசிகன் வெயிலில் நின்று திரும்பிப் போகிறான். நாற்பது வருஷம் அந்த முகத்தை நேசித்தவன் அவன். கேமராவை நிறுத்தப் போட்ட கயிறு அவனையும் சேர்த்து நிறுத்திவிட்டது.

பணக்காரர்கள் கஷ்டம் எனக்கெதற்கு என்று நானும் விட்டுவிடலாம். ஆனால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு இது தெரியும். பட்டாசு ஆலையில் விபத்து என்றால் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே கேமராவும் வரும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே எங்களைப் பார்த்தது. அதைப் பார்க்கத்தான் வேண்டும், இல்லையென்றால் ஆலைகளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு சிறிய விபத்தில் என் தங்கை மகன் போனான். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் அவள் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். மாராப்பு எங்கே கிடக்கிறது என்ற நினைவுகூட அவளுக்கு இல்லை. ஒரு சேனல்காரர் குனிந்து மைக்கை நீட்டி, "உங்க பையன் கடைசியா என்னம்மா பேசுனான்?" என்று கேட்டார். அந்தக் காட்சி அன்று சாயங்காலம் ஊரெல்லாம் ஓடியது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகும் தங்கை மாதக்கணக்கில் ரேஷன் கடைக்குப் போகவில்லை. "உன்னை டி.வி.யில பார்த்தேன்க்கா" என்று எவளோ ஒருத்தி பரிவாகத்தான் சொன்னாளாம்.

ஒரே ஒரு நாள் பிரபலமான என் தங்கைக்கும் ஐம்பது வருஷம் பிரபலமாக இருந்தவரின் மகள்களுக்கும் அந்த நேரத்தில் என்ன வித்தியாசம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் கேட்டுக் கொஞ்சம் படித்தேன். தன்னைத் தனியாக விட்டுவிடச் சொல்லும் உரிமை, குடும்பம், கல்யாணம், பிள்ளை குட்டி விஷயங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கு, கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகையில் வெளியிடுவது பற்றிய வழக்கு. அதே தீர்ப்பில் பத்திரிகை வெளியிடும் முன்பே அரசு தடுக்கக்கூடாது என்றும் சொன்னார்கள், அதுவும் சரிதான். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் இதெல்லாம் உயிரோடு இருப்பவருக்கு. ஜெயலலிதா கதையைப் படமாக எடுப்பதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் போட்ட வழக்கில், ஒருவர் சம்பாதித்த பெயரையும் புகழையும் வாரிசுகள் சொத்துபோல அடைய முடியாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. செத்தவருக்கு அந்தரங்கம் இல்லை. சரி, அழுகிறவருக்கு? தனிப்பட்ட துக்கத்தின் நேரத்தில் படமெடுத்து நுழையக்கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறையில் இருக்கிறது. அந்தக் கவுன்சில் அச்சுக்கு மட்டும்தான், தொலைக்காட்சியையும் யூடியூபையும் அது தொடாது. ஆனால் உங்களைத் தொடும்.

எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-இல் முதலமைச்சர் 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது என்ன நடக்கிறது என்று மக்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். மாநிலத்தை ஆள்பவரின் உடல்நிலை வீட்டு விஷயம் ஆகாது. நடிகரேயானாலும் வரி ஏய்த்தாரா, ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தாரா என்றால் எழுதுங்கள், விடாமல் எழுதுங்கள். பேத்தி அழுவதில் மக்கள் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

நடக்கிற காரியமாகவே கேட்கிறேன். சாவு வீட்டுக்கு உங்கள் செய்தியாளர் போகட்டும், அஞ்சலி செலுத்தட்டும், யார் யார் வந்தார்கள், தெரு எப்படி இருந்தது என்று எழுதட்டும். படம் எடுப்பது தெருவோடு நிற்கட்டும். வீட்டார் தாங்களாகவே ஒரு படம் கொடுத்தால் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் முகம் எந்தத் துக்கச் செய்தியிலும் வராது என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு விதி எழுதி ஒட்டுங்கள். ஏழை வீட்டுக்கும் அதே விதிதான், மருத்துவமனை வாசலுக்கும் அதேதான்.

அந்தப் படம் இன்றைக்குக் காலையில்கூட உங்கள் இணையப் பக்கத்தில் இருந்தது. கீழே அறுநூறு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். அச்சில் வந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது, அது எனக்குத் தெரியும். இணையத்தில் இருப்பதை மட்டுமாவது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் திரும்புவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சிவகாசி.