எங்கள் ரேக்கின் இரைச்சலைப் பிடித்துத் தந்தவர்களுக்கு

திருகோணமலையிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிட்டார் ரேக் இப்போது அடங்கி நிற்கிறது. கிட்டாரின் வொல்யூமைப் பூச்சியத்தில் வைத்தால் ஸ்பீக்கரில் மெல்லிய 'உஸ்' மட்டும்தான் வருகிறது. போன மாதம் உப்புவெளியில் வாசித்தபோது, "புது அம்ப்ளிபயர் எடுத்தீங்களோ?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. அதே பெட்டி, அதே சாமான்கள். அதற்குள் இருந்த இரைச்சலை ஆளுக்கொரு பக்கமாக இருந்து பிடித்துத் தந்தவர்கள் நீங்கள்.

நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் எதைக் கண்டுபிடித்தார் என்று எழுதிவைத்தால், இதே தொல்லையில் மாட்டும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று எங்கள் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி சொன்னான். அதுவும் சரிதான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. உங்களை உங்களுக்குத் தெரியும்.

ரேக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 19 அங்குல அகலத்துக்கு அமைந்த ஒரு பெட்டிக்குள், கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஅம்ப், எதிரொலி போன்றவற்றைச் சேர்க்கும் எஃபெக்ட் யூனிட்டுகள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் அம்ப் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருக்கும். முன்னால், காலால் மிதித்து அந்தப் பெட்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி போர்ட். எங்களுடையதில் பக்கத்தில் பின்னணி இசை ட்ராக் ஓடும் லப்டொப் ஒன்றும் உண்டு. இத்தனையையும் இணைக்கும் வயர்கள் பின்பக்கத்தில். இரைச்சல் குடியிருக்க இதைவிட வசதியான வீடு கிடையாது.

முதல் நன்றி கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சேர்விஸ் அண்ணைக்கு. ஆடி மாதத்து வேலைகளுக்கு நடுவில் வந்து, கிட்டாரைத் தொடவே விடாமல், எல்லா வயரையும் கழற்றச் சொன்னார். "பின்னால இருந்து முன்னுக்கு வா தம்பி" என்றார். பவர் அம்ப் மட்டும், அதற்குள் ஒரு வயரும் போகாமல். சத்தமில்லை. அப்புறம் எஃபெக்ட் யூனிட்டைச் சேர்த்தோம். அப்புறம் பிரீஅம்ப். கடைசியில்தான் கிட்டார். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் என்ன சத்தம் புதிதாக வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுத வைத்தார். அந்தக் கொப்பிதான் பிறகு எல்லாரும் பார்த்த வரைபடம். எங்களிடம் இருந்தது ஒரு இரைச்சல் அல்ல, பல இரைச்சல்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றைத் திருத்தினாலும் மற்றவை தொடரும், அதனால் 'திருத்தியது பிழை' என்று நினைத்து அதையும் பழையபடி மாற்றிவிடுவோம். பலர் தோற்றுப்போகிற இடம் இது.

பேஸ் தம்பியின் காதுக்கும் ஒரு நன்றி. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தரம் அலைவது. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை (ஃப்ரெட்) அமத்தினால் 49 ஹெர்ட்ஸ், அதாவது ஜி சுரம். அதைவிட ஒரு மயிரிழை மேலே இரைந்தால் 50. கிட்டாரின் ஆறாம் கம்பியில் மூன்றாம் கட்டை 98. அதற்குச் சற்று மேலே இரைந்தால் 100. மீற்றர் எதுவும் இல்லாமல் அவன் கம்பியைத் தட்டித் தட்டியே இரண்டையும் பிரித்துவிட்டான். இது ஏன் முக்கியம் என்றால், 50 பெரும்பாலும் எர்த் சுற்றிலிருந்தோ டிரான்ஸ்போமரின் காந்தப் புலத்திலிருந்தோ வருவது. 100 பெரும்பாலும் ஒரு பெட்டியின் உள்ளே பவர் சப்ளை களைத்துப்போனதால் வருவது, ஏனென்றால் ஏசியை டிசியாக்கும்போது அலையின் இரண்டு பாதியும் பயன்படுவதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வார்கள். அதை நம் ஊரில் தேடினால் கிடைக்காது.

வயரிங் அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பயிற்சி அறையில் கம்பியைத் தொட்டால் 'ஜிர்' குறையும், விட்டால் கூடும். மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று ஒரு விறுவிறுப்பு வேறு. அவர் சுவர் பிளக்கைச் சோதித்தார், அது சரி. பிறகு எக்ஸ்டென்ஷன் போர்டைத் திறந்தார். உள்ளே எர்த் வயர் கழன்று சும்மா கிடந்தது. லப்டொப் சார்ஜர் போன்றவற்றுக்குள் மின்சார இரைச்சலை எர்த்துக்கு வடிக்கும் சின்னக் கபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவுக்குப் போக இடமில்லை. ரேக்கின் உலோக உடம்பிலேயே தங்கிவிடும். அவர் மீற்றரை வைத்தபோது 230 இல் ஏறக்குறையப் பாதி காட்டியது. கசியும் கரண்ட் மிகச் சிறியது என்பதால்தான் விறுவிறுப்போடு நின்றது. அதே இடத்தில் வேறொரு பெட்டியின் இன்சுலேஷன் கெட்டிருந்தால் கதை வேறு.

போர்டைத் திருத்தியதோடு அவர் போகவில்லை. வளவுக்குள் போய் எர்த் கம்பியைப் பார்த்தார். கடற்காற்றில் அதன் கிளிப் பச்சை பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தமாக்கிப் புது கிளிப் போட்டார். நம் பக்கத்து மணல் நிலம் மழையில்லாத மாதங்களில் காய்ந்து கிடப்பதால் எர்த் பலவீனமாகும் என்று சொல்லி, அதையும் அளந்து பார்த்தார். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமத்தி அது விழுகிறதா என்று பார்த்தார். "இது இரைச்சலுக்குச் செய்த வேலை இல்லை, உங்கட உயிருக்குச் செய்த வேலை" என்றார். உருண்டைக் கால் பிளக்கைச் சதுர ஓட்டைக்குள் பேனாவால் நெம்பிச் செருகும் பழக்கத்துக்கு அன்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஏச்சும் கிடைத்தது.

எர்த் வந்ததும் 'ஜிர்' போனது. ஆனால் 'ம்ம்ம்' கூடிவிட்டது! இந்தக் கட்டத்தில் நலம் விரும்பி ஒருவர், பிரீஅம்பின் பிளக்கில் எர்த் காலை வெட்டிவிட்டால் போதும் என்று யோசனை சொன்னார். உண்மையில் சத்தம் நிற்கும், அதுதான் அந்த யோசனையின் ஆபத்து. வயரிங் அண்ணை ஒரே வரியில் முடித்தார்: "எர்த்தை வெட்டினா சத்தமும் நிக்கும், ஒரு நாளைக்கு மூச்சும் நிக்கும்." 1972 இல் வேல்ஸின் சுவான்சி நகரத்தில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். கிட்டார்காரனின் ஒரு கை எப்போதும் உலோகக் கம்பியில் இருக்கிறது, வாய் மைக்கில் இருக்கிறது. இதை மறந்து யோசனை சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவதை மறைக்கப் போவதில்லை.

அந்த 'ம்ம்ம்' எர்த் சுற்று. இரண்டு பெட்டிகள் பவர் கேபிள் வழியாக ஒருதரமும், சிக்னல் கேபிளின் உலோக மேலுறை வழியாக இன்னொரு தரமும் எர்த்தில் இணைந்தால் ஒரு வளையம் உண்டாகும். அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் ஓடி சிக்னலோடு கலந்துவிடும். முதல் மருந்து, லப்டொப் உட்பட எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடுப்பது. பாதி குறைந்தது. மீதிக்கு, தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கும் அக்கா தன்னுடைய ஐசொலேஷன் டிரான்ஸ்போமரைத் தந்தார். ஒன்றுக்கொன்று என்ற அளவில் சுற்றிய சின்னப் பெட்டி. சிக்னல் காந்தமாக மாறித் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. எஃபெக்ட் யூனிட்டுகளுக்குப் போன சிக்னல் (எஃபெக்ட் லூப்) திரும்பி வரும் இடத்தில் ஒன்று, லப்டொப்புக்கு ஒன்று. கிட்டாருக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் அதைப் போட வேண்டாம், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப்பின் மேல் சுரம் மங்கிவிடும் என்று சொல்லித்தந்ததும் அவரே. அக்கா, இரவல் வாங்கிய இரண்டையும் திருப்பித் தந்துவிட்டோம், நாங்கள் எங்களுக்கென்று எடுத்துவிட்டோம். பாடகர் குழுவின் ஒத்திகையை அந்த இடைவெளியில் சமாளித்த உங்கள் தோழிகளுக்கும் நன்றி.

இன்னொரு வளையம் யாருடைய கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தது. பெட்டிகளைத் திருகும் இரும்புத் தண்டவாளமே உடம்போடு உடம்பை இணைத்துவிடுகிறது. ஹார்ட்வெயார் கடைத் தம்பி நைலோன் வொஷர்களும், திருகாணிக்குப் பொருந்தும் நைலோன் குழாயும் தேடித்தந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் மூன்று கால் பிளக்கின் எர்த் அப்படியே இருக்கிறது. தண்டவாளத் தொடர்பு மட்டும் அறுந்தது. விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மிடி வயரை நாங்கள் வெகுநாள் சந்தேகித்தோம். அதை விடுதலை செய்தவர் ரேடியோ திருத்தும் ஐயா. மிடி 1983 இல் வந்தபோதே, உள்ளே வரும் பக்கம் சிக்னல் ஒளியால் தாண்டும்படியும், மேலுறை அனுப்பும் பக்கத்தில் மட்டும் எர்த்தாகும்படியும் வகுத்துவிட்டார்கள் என்று விளக்கினார். ஒழுங்கான மிடி வயர் எர்த் வளையம் கட்டாது.

ஐயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்வரை ஒன்றையும் தொடவில்லை. பிறகு பிரீஅம்பின் திருகாணிகளைக் கழற்றி, வயரெல்லாம் பூட்டியபடியே அதைக் கையில் எடுத்து மேலே தூக்கினார். சத்தம் குறைந்தது. பக்கவாட்டில் திருப்பினார். இன்னும் குறைந்தது. திரும்ப இறக்கினார். உறுமியது. "இது எர்த் இல்லை, கீழே இருக்கிறவர்" என்று பவர் அம்பைக் காட்டினார். அதன் டிரான்ஸ்போமரின் காந்தப் புலம் நேரே மேலே இருந்த பிரீஅம்புக்குள் புகுந்துகொண்டிருந்தது. அந்தப் புலம் தூரத்தோடு மிக வேகமாகத் தேயும். தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். பாரமான பவர் அம்ப் கீழேயே இருக்கட்டும் என்று, பிரீஅம்பை உச்சிக்கு ஏற்றி, நடுவில் எஃபெக்ட் யூனிட்டுகளையும் மூன்றரை அங்குல வெற்றுத் தட்டு ஒன்றையும் வைத்தோம். ஒரு சதமும் செலவில்லை.

பேஸ் தம்பி பிரித்துக் காட்டிய அந்த 100 ஹெர்ட்ஸும் பிரீஅம்பிலேயே இருந்தது. அதன் வால்வுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பில்டர் கபாசிட்டர்கள் வயதாகிக் காய்ந்துவிட்டன. சுவிட்சை நிறுத்திய பின்னும் அவற்றில் உயிரைப் பறிக்கும் வோல்ட் தேங்கியிருக்கும் என்பதால், ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீற்றரால் பார்த்த பிறகுதான் கை வைத்தார். எங்களைத் தொடவிடவில்லை. மாற்றி முடித்ததும் பழைய கதை ஒன்று சொன்னார்: இந்த மாவட்டத்தில் ஜெர்மன் வானொலியை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம் ஒன்று இருந்ததல்லவா, 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் போனதே, அந்தக் காலத்தில் சில வீட்டு அம்ப்ளிபயர்களில் கசற் போடாமலேயே செய்தி கேட்குமாம். உள்ளே வரும் இடத்தில் ஒரு குட்டிக் கபாசிட்டர் வைத்து நிறுத்திக் கொடுத்திருக்கிறார். கூலி எடுக்க மறுத்துவிட்டார். ஐயா, அந்தக் கடன் கடனாகவே இருக்கிறது.

உப்புவெளி விடுதியில் லைட் போடும் தம்பிக்கு: நீ டிமரை மெதுவாகக் கூட்டிக் குறைத்துக் காட்டியிராவிட்டால், மேடையில் மட்டும் வரும் அந்தக் கரகரப்பை நாங்கள் இன்னும் ரேக்குக்குள் தேடிக்கொண்டிருப்போம். விளக்கு பாதி வெளிச்சத்தில் இருக்கும்போது அலையை உச்சியில் வெட்டுவதால் அப்போதுதான் கரகரப்பு மோசம். சில ஃபேன் ரெகுலேட்டர்களும் இதே வேலையைச் செய்யும். எங்கள் கிட்டாரில் ஒற்றைச் சுருள் பிக்கப். அது அன்டெனா மாதிரியே வேலை செய்யும். 1955 இல் கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி இந்த இரைச்சலைத் தானே தன்னை அழிக்க வைத்தார். அந்த ஹம்பக்கர் எங்களுக்கும் தெரியும், ஆனால் ஒற்றைச் சுருளின் கண்ணாடிச் சத்தத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆகவே கிட்டாரின் உட்குழிக்குச் செப்புத் தாள் ஒட்டினோம், டிமருக்கு வேறு லைனில் கரண்ட் எடுத்தோம், வாசிக்கும்போது விளக்குப் பெட்டிக்குப் பக்கவாட்டில் நிற்கிறோம். மேடையில் நான் ஏன் எப்போதும் கோணலாக நிற்கிறேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

வாசிக்காத நேரத்தில் சத்தத்தை அடைக்கும் நொய்ஸ் கேட் வாங்கச் சொன்ன நண்பர்களுக்கும் நன்றி, உங்கள் அக்கறை புரிகிறது. அழுகிற பிள்ளை இருக்கிற அறையின் கதவைச் சாத்துவதுதான் அது. வாசிக்கத் தொடங்கியதும் கதவு திறந்து பிள்ளையின் அழுகை பாட்டோடு சேர்ந்து வரும். நீண்ட சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். எல்லாம் திருத்திய பிறகு மிஞ்சும் 'உஸ்'ஸுக்கு மட்டும் கொஞ்சமாகப் போடலாம். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. பிரீஅம்பில் சிக்னலைத் தேவையான அளவுக்கு ஏற்றி, பின்னால் வரும் பெட்டிகளில் ஏற்றாமல் விட்டதே போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பும் நன்றியும். இரவில் அந்த 'ம்ம்ம்' உங்கள் சுவரைத் தாண்டி வந்ததை ஒருநாளும் குறையாகச் சொல்லாமல், "இண்டைக்கு என்ன, சத்தம் குறைஞ்சிருக்கு?" என்று மறுநாள் கேட்பீர்கள். எங்கள் கொப்பியில் உங்கள் குறிப்பும் இருக்கிறது.

கொப்பி, மேலதிக நைலோன் வொஷர்கள், ஒரு டிரான்ஸ்போமர் மூன்றும் பயிற்சி அறையில் இருக்கின்றன. ஊரில் யாருக்காவது தேவைப்பட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்து எடுத்துப் போகலாம். எர்த் கால் வெட்டிய பிளக்கோடு வருபவர்களை மட்டும் முதலில் வயரிங் அண்ணையிடம் அனுப்புவோம்.

அன்புடன்,
கிட்டார் வாசிக்கும் தம்பியும் குழுவினரும்,
திருகோணமலை.