வேடிக்கை பார்த்தவ எழுதுறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ்ல, லவ் பண்ணவன்கிட்டயே அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்த காலேஜ் பொண்ணைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மூணாவது பத்தி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வருது பாருங்க ஒரு வரி, "உடனிருந்த தோழிகள் வேடிக்கை பார்த்தனர்"னு. அதுக்கு மேல படிக்க முடியாம மூடி வச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்த்தேன், கோவம் அப்படியேதான் இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

வேடிக்கை பார்த்தவள்ல நானும் ஒருத்தி. பத்து வருஷம் முன்னாடி, காலேஜ்ல செகண்ட் இயர், கிளாஸ் முடிஞ்சு மாடிப்படி இறங்கிட்டு இருக்கோம், என் ஃப்ரெண்டும் அவ லவ்வரும் எங்களுக்கு நாலு படி கீழ. "லாஸ்ட் சீன் ரெண்டு மணிக்குக் காட்டுது, யார்கிட்ட பேசிட்டு இருந்த"னு கேட்டுக்கிட்டே அவ மணிக்கட்டைப் பிடிச்சான். பிடிச்சான்னா சும்மா இல்ல, அவ வாட்ச் ஸ்ட்ராப் தோலுக்குள்ள பதியுற அளவுக்கு. அவ நிமிர்ந்து எங்களைப் பார்த்து சிரிச்சா. அந்த சிரிப்பு இருக்கே, ஒண்ணுமில்ல நீங்க போங்கன்னு சொல்ற சிரிப்பு. நான் பைக்குள்ள கைய விட்டு சாவி தேடுற மாதிரி குனிஞ்சுட்டேன். சாவி என் இன்னொரு கைல இருந்துச்சு.

படில நாங்க அஞ்சு பேர் நின்னோம். யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு அஞ்சு பேரும் மத்த நாலு பேரைப் பார்த்தோம். இதை ரசிச்சுப் பார்த்தோம்னு எழுதுற தைரியம் உங்க நிருபருக்கு எங்கேர்ந்து வந்துச்சோ.

அதே கட்டுரைல பாக்ஸ் கட்டி நியூயார்க் கதை வேற. 1964ல கிட்டி ஜெனோவீஸ்னு ஒரு பொண்ணு கொலையானப்ப 38 பேர் ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க, ஒருத்தரும் வரலைன்னு. நீங்க பத்திரிகைக்காரங்க, உங்களுக்குத் தெரியாததா? அந்த 38ஐ ஊரெல்லாம் பரப்பின நியூயார்க் டைம்ஸே 2016ல அந்தச் செய்தில குறை இருந்துச்சு, சாட்சிங்க எண்ணிக்கையையும் அவங்க பார்த்ததையும் பெருசாக்கிட்டோம்னு ஒத்துக்கிச்சு. ஒருத்தர் ஜன்னல்லேர்ந்து கத்தினார், கொலைகாரன் விலகி ஓடிட்டு அப்புறம் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க இறங்கி ஓடி, உதவி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மாவை யாரும் பாக்ஸ் கட்டிப் போடறதில்ல, 38 பேர் வேடிக்கை பார்த்தாங்கன்னாதானே விக்கும்.

அந்தச் செய்தியைப் படிச்சுட்டு டார்லி, லட்டானேன்னு ரெண்டு சைக்காலஜி ஆளுங்க ஒரு சோதனை பண்ணி 1968ல வெளியிட்டாங்க. அடுத்த ரூம்ல ஒருத்தருக்கு வலிப்பு வர்ற சத்தம் கேக்குது. தான் மட்டும்தான் கேக்குறோம்னு நினைச்ச மாணவர்கள்ல 85 சதவீதம் பேர் அது முடியறதுக்குள்ள ஓடிப்போய் சொன்னாங்க, கூட இன்னும் நாலு பேர் கேக்குறாங்கன்னு நினைச்சப்ப 31 சதவீதம்தான். ஆனா அசையாம உக்காந்தவங்களுக்குக் கை நடுங்குச்சு, உள்ளங்கை வேர்த்துச்சுன்னும் சோதனை பண்ணவங்களே எழுதி வச்சிருக்காங்க. கல்நெஞ்சு கிடையாது, என்ன பண்றதுன்னு முடிவு எடுக்க முடியாம மாட்டிக்கிட்டவங்க. அஞ்சு பேர் நின்ன எங்க மாடிப்படி மாதிரியேதான்.

அப்போ, பார்த்துட்டு நிக்கிறவங்க என்ன பண்ணணும்னு சொல்லிக்குடுக்கலாமே சார். தீ பிடிச்சா லிஃப்ட்ல ஏறாதேன்னு வருஷாவருஷம் மணி அடிச்சு மைதானத்துல நிக்க வச்சு சொல்லித்தர்றோம்ல? இப்ப நானே ஒரு காலேஜ்ல பாடம் எடுக்குறேன், எங்க காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு லைப்ரரி கார்டு எப்படி வாங்குறதுன்னு முக்கால் மணி நேரம் நடந்துச்சு, இந்த விஷயத்துக்குப் பத்து நிமிஷம், அதுவும் ஸ்லைடு ஓடலைன்னு ஏழாச்சு. அந்த ஏழு நிமிஷமும் பொண்ணுங்க ஜாக்கிரதையா இருக்கணும்கிறது மட்டும்தான்.

வெளிநாட்டுல இது எவ்வளவோ காலமா நடக்குது. 1993லயே அமெரிக்கால நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டில ஜாக்சன் காட்ஸ்னு ஒருத்தர் விளையாட்டு வீரர்களை வச்சு இந்தப் பயிற்சியை ஆரம்பிச்சார், மத்த பசங்க அவங்க பேச்சைக் கேப்பாங்கன்னு. அங்கேயே கென்டக்கில 2006ல 'கிரீன் டாட்'னு ஒரு பயிற்சி வந்துச்சு, வன்முறை நடந்த ஒவ்வொரு இடமும் மேப்ல ஒரு சிவப்புப் புள்ளி, யாராவது சின்னதா குறுக்க புகுந்து தடுத்துட்டா அது பச்சைப் புள்ளி. அமெரிக்கால 2013லேர்ந்து புதுசா சேர்ற மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரணும்னு சட்டமே இருக்கு.

குறுக்க புகுறதுன்னா ஹீரோ மாதிரி சட்டையைப் பிடிக்கறதுன்னு நினைச்சுக்காதீங்க, அப்படிப் பண்ணா அந்தக் கோவத்தையும் அவன் அப்புறம் தனியா இருக்கும்போது அவ மேலதான் காட்டுவான். நேரா ஒரு வார்த்தை கேக்கலாம், பேச்சைத் திருப்பலாம், இல்ல நம்மளால முடியாதுன்னா முடியறவங்கள கூட்டிட்டு வரலாம். அன்னைக்கு நான் "ஏய், உன்னை ஹெச்ஓடி கூப்பிடுறாங்க, இப்பவே வா"ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா போதும். அவ்ளோதான். எட்டு வார்த்தை கூட இல்ல. பத்து வருஷமா அதை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

அதுக்கப்புறம் நான் பண்ணதும் தப்புதான். அன்னைக்கு ராத்திரி அவகிட்ட "அவன் ஒரு சைக்கோ, விட்டுடு"ன்னு ஒரு மணி நேரம் லெக்சர் அடிச்சேன். நாலு மாசம் எங்கிட்ட பேசல. அவனைத் திட்டத் திட்ட அவளுக்கு அவனைக் காப்பாத்திப் பேசறதே வேலையாப் போச்சு, கடைசில அவன் என்ன நினைச்சானோ அதுதான் நடந்துச்சு, அவளுக்கு ஃப்ரெண்டுன்னு யாருமே இல்லாம ஆச்சு. "உன் கையப் பார்த்தேன், எனக்குப் பயமா இருக்கு, எந்நேரமா இருந்தாலும் கூப்பிடு"ன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கணும்னு இப்பத் தெரியுது. பிரியுறப்பதான் ஆபத்து அதிகம், சும்மா விட்டுடுன்னு சொல்றது லேசு, அதுவும் அப்பத் தெரியாது. யார் சொல்லிக்குடுத்தா?

நீங்க சொல்லிக்குடுத்தீங்களா? இதே பத்திரிகைல கேள்வி பதில் பகுதில ஒரு பொண்ணு, பாய்ஃப்ரெண்ட் என் போன் பாஸ்வேர்ட் கேக்குறான், குடுக்கலைன்னா பேச மாட்டேங்குறான்னு எழுதினதுக்கு "அதுவும் அன்பின் ஒரு முகமே சகோதரி"ன்னு பதில் போட்டீங்க. நான் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், அதை நாலு வரியா வெட்டி, நான் திட்டினதையெல்லாம் எடுத்துட்டு, "தங்கள் பகுதி பயனுள்ளதாக உள்ளது"ங்கிற வரியை மட்டும் பத்திரமா வச்சிருந்தீங்க. அதுக்கும் நன்றி.

சரி, நான் கேக்குறது சின்ன விஷயம்தான். அந்த 38 பேர் பாக்ஸுக்கு ஒரு திருத்தம் போடுங்க. மாணவர் பக்கத்துல, ராசி பலனுக்குக் கீழ கால் பக்கம் காலியா விடுறீங்களே, அதுல படில நிக்கிறவ என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாதுன்னு மாசம் ஒரு தடவை போடுங்க. எழுத ஆள் இல்லைன்னா நான் எழுதித் தர்றேன், காசு வேண்டாம்.

பேர் போடாதீங்க, அவ இப்பவும் உங்க பத்திரிகை படிக்கிறா. கடிதம் நீளம்னு வெட்டுவீங்க, தெரியும். எதை வேணா வெட்டுங்க, அந்த சாவி விஷயத்தை மட்டும் விட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு தோழி