வண்டியை மாலையில் அனுப்புங்கள்: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நடமாடும் நூலக வண்டி எங்கள் ஊருக்கு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வந்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரத்தை மாற்றக் கேட்டு ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பெரியவர்கள் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். ரேஷன் கடை முன்னால் நிற்கும் வண்டியருகே ஓட்டுநர், நூலகர், அப்புறம் ஒரு பாட்டி, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்காக வருகிறவர் அவர். எழுத்துத் தெரியாது. பேத்தி எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டுவார். கேட்டது பெரும்பாலும் இருக்காது. கைக்கு அகப்பட்ட ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். விண்வெளி பற்றிக் கேட்ட பெண்ணுக்கு ஒருமுறை கறவை மாடு வளர்ப்பு வந்தது. அதையும் படித்துவிட்டாள், விடுங்கள். ஆனால் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் அந்தப் பிள்ளை இதுவரை வண்டிக்குள் ஏறி ஒரு புத்தகத்தைத் தானே எடுத்துப் பார்த்ததில்லை.

நடுவில் வண்டி பழுது என்று இரண்டு மாதம் வரவில்லை. முன்னறிவிப்பும் இல்லை. பாட்டி புத்தகத்தோடு வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார். போன வாரம் வண்டி வந்தது. வந்த கையோடு அவரிடம் தாமதக் கட்டணம் கேட்டார்கள்! தாமதமாக வந்தது யார், ஐயா? நூலகரைக் குறை சொல்லவில்லை, அவர் விதிப்படி செய்தார். அந்த விதியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வண்டியை மாலை நாலரை மணிக்கு மேல் அனுப்புங்கள். முடியாதென்றால் சனிக்கிழமை அனுப்புங்கள்.

1931-ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தை இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்த பெருமை நூலக விழா மேடைகளில் தவறாமல் பேசப்படுகிறது. அதே ஆண்டு வெளிவந்த, ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் அது முழுமையாக நிறைவேறிவிட்டது. வாசகர்கள் வண்டியைப் பார்ப்பதே இல்லை, நேரம் அப்படியே மிச்சம்.

வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டுகிறோம். சென்னைக் கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் அத்தனை பெரிய நூலகங்கள் எழுந்ததில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய எங்கள் ஊராட்சி நூலகத்துக்குள் பிளீச்சிங் பவுடர் மூட்டைதான் இருக்கிறது. அது ஊராட்சியின் பொறுப்பு என்பீர்கள். சரி, அதை அவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். வண்டி உங்களுடையது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்ட பிறகு வண்டி வரும்படி அட்டவணையை மாற்றித் தாருங்கள். வராத நாளை முதல் நாளே பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். வண்டி வராத நாட்களுக்குத் தாமதக் கட்டணம் வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பாட்டியிடம் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக வரி கட்டும் ஊர்க்காரன்