கொல்லிமலை இருட்டுல கை வெச்சுடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கமுங்க,

நான் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழி பண்ணைல சூப்பர்வைசரா இருக்கேன். கொல்லிமலைல இருண்ட வான் பூங்கா, அதாவது லைட்டைக் குறைச்சு ராத்திரி வானத்தை நட்சத்திரம் பாக்கறதுக்குன்னே இருட்டா காப்பாத்தி வெக்கற இடம், அமைக்கப் போறதா அரசு அறிவிச்சாங்கல்ல, அதைப் பத்தி எழுதணும் எழுதணும்னு நாளைத் தள்ளிகிட்டே வந்தேன், இன்னிக்கு நைட் ஷிப்ட்ல கரண்ட் கட், சரி எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

போன மாசி சிவராத்திரிக்கு நானும் மச்சானும் என் பொண்ணும் காரவள்ளி வழியா 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போயிருந்தோம். சாமி கும்பிட்டுட்டு வந்து தங்குன இடத்து மொட்டை மாடில பாயை விரிச்சு படுத்தோம், எப்படியும் கண்ணு முழிக்கற ராத்திரிதானே. சிவராத்திரின்னா அமாவாசைக்கு முந்துன நாளு, நிலா விடியக்காலைலதான் எட்டிப் பாக்கும், வானம் பாக்க அதை விட நல்ல நாள் கிடையாதுங்க. முதல்ல ஒன்னும் பெருசா தெரியல. கண்ணு இருட்டுக்கு பழக 20 நிமிஷம் அரை மணி நேரம் ஆகும், நடுவுல ஒரு தடவை போனை எடுத்து பாத்தா போச்சு, மறுபடி முதல்ல இருந்து. மச்சான் மூனு தடவை எடுத்தாரு. அப்புறம் பொண்ணு போனை புடுங்கி வெச்சுகிட்டா, டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடி பேப்பரை சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுட்டா, சிவப்பு வெளிச்சம் அவ்வளவா கண்ணை கெடுக்காதாம், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க.

அதுக்கப்புறம் தெரிஞ்சுது பாருங்க. எங்க வீட்டு மாடில இருந்து பாத்தா கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஒரு புகை மாதிரி இருக்கும், அங்க ஒன்னொன்னா எண்ண முடிஞ்சுது, பொண்ணு ஏழு எண்ணுனா. தெக்க தாழ்வா அகத்தியர் நட்சத்திரம், நம்ம பக்கத்துல நல்லா தெரியற இந்த நட்சத்திரம் டெல்லிக்காரங்களுக்கு அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். 11 மணிக்கு மேல சப்தரிஷிங்கற ஏழு நட்சத்திரக் கூட்டம் நல்லா மேல ஏறுச்சு, வால்ல நடுவுல இருக்கற வசிஷ்டரை ஒட்டி பொடியா ஒரு நட்சத்திரம், அருந்ததி. என் கல்யாணத்துல ஐயர் பட்டப்பகல்ல மண்டபத்து கூரையைக் காட்டி அருந்ததி தெரியுதான்னு கேட்டாரு, தெரியுதுன்னு தலையாட்டுனேன், 12 வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் நெசமா பாத்தேன்.

ஒரு மணி இருக்கும், திரிசங்குங்கற சிலுவை மாதிரி நட்சத்திரக் கூட்டம் தெரியுதான்னு தெக்க பாத்துகிட்டு இருக்கோம், பக்கத்துல ஒரு லாட்ஜ்ல படார்னு ரெண்டு ஃபோகஸ் லைட்டு போட்டாங்க, மரத்துக்கெல்லாம் பச்சையும் நீலமுமா சீரியல் லைட்டு வேற. பாதி வானம் காணோம். இறங்கிப் போய் கேட்டா, "இருட்டா இருந்தா கெஸ்ட்டுங்க பயப்படறாங்க சார்"ங்கறாரு அங்க இருந்த தம்பி, பாவம் அவரை என்ன சொல்றது.

லைட் ஒரு உயிருக்கு என்ன செய்யும்னு நாமக்கல்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லீங்க. முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் குடுக்கறோம், குறைஞ்சா முட்டை குறையும், அது எங்க பொழப்பு. கோழி உடம்பையே வெளிச்சம் இப்படி மாத்துதுன்னா மலைல இருக்கற அந்துப்பூச்சி ஆந்தை வவ்வாலெல்லாம் என்ன பாடுபடும்? ஆனைமலை புலிகள் காப்பகத்துல உலாந்தி பக்கம் மின்மினிங்க காடு முழுக்க ஒரே தாளத்துல மின்னி அணையறதை 2022ல வனத்துறையே சொன்னாங்க, ஜோடியைக் கூப்பிடத்தான் அது மின்னுது, அது மேல நாம லைட் அடிச்சா கூப்பிட்டது யாருக்கு தெரியும்.

எனக்கு பயம் என்னன்னா பூங்கான்னதும் கான்ட்ராக்ட் விட்டு காம்பவுண்டு கட்டி ஹைமாஸ் லைட்டு நட்டு, வாசல்ல எல்இடி எழுத்துல ஊர் பேரு போட்டு செல்ஃபி பாயின்ட் வெச்சுடுவாங்களோன்னுதான். மகாராஷ்டிராவுல பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரில இந்தியாவோட முதல் இருண்ட வான் பூங்காங்கற சர்வதேச அங்கீகாரம் கிடைச்சுது, அதுக்காக சுத்தி இருக்கற ஊர்ல 100க்கு மேல லைட்டை தரையைப் பாத்த மாதிரி மாத்துனாங்க. லடாக்ல ஹன்லேல ஊர்க்காரங்களுக்கே டெலஸ்கோப் குடுத்து பழக்கி, வர்றவங்களுக்கு அவங்கதான் வானம் காட்டறாங்க. நமக்கும் இது புதுசு இல்ல, ஜவ்வாது மலைல காவலூர்ல இருட்டை நம்பித்தான் டெலஸ்கோப் வெச்சாங்க, 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல காவலூருக்கும் பங்கு உண்டு.

அதனால முதல்ல கொல்லிமலை மேல இருக்கற செம்மேட்டுல இருந்து ஆரம்பிச்சு தெருவிளக்குக்கெல்லாம் மேல மூடி போடுங்க, லாட்ஜ்காரங்களுக்கு பத்து மணிக்கு மேல அலங்கார லைட்டு கூடாதுன்னு சொல்லுங்க. ராத்திரில ஆளாளுக்கு காட்டுக்குள்ள போகவும் வேண்டாம், கரடி இருக்கற மலை. நிலா இல்லாத நாளா பாத்து ஒரு இடத்துல மட்டும், மலை ஊர் பசங்களையே பழக்கி, அவங்க கூட்டிட்டு போற மாதிரி டோக்கன் போட்டு விட்டா போதும். டெலஸ்கோப் கூட ரெண்டாவதுதாங்க, பாய் இருந்தா போதும்.

என் வீட்டம்மா அன்னிக்கு வரல, அருந்ததி கதையை கேட்டுட்டு இன்னும் கோவமா இருக்காங்க, அடுத்த சிவராத்திரிக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்குள்ள அந்த ஹைமாஸ் வராம இருந்தா சரி.

இப்படிக்கு,
கோழிப்பண்ணை வாசகன்,
நாமக்கல்